பழைய விசைப்படகில் கியர் மாறாமை: காரணமும் பரிகாரமும்

மோட்டார்க் காரில் கியர் சரிவர விழாவிடின், பிரேக்கை மிதித்து வண்டியைச் சாலையோரமாக நிறுத்திவிடலாம். விசைப்படகிற்குப் பிரேக் கிடையாது. துறையை நெருங்கும் படகின் ஓட்டத்தைத் தடுத்து நிறுத்த வேண்டுமாயின், கியரை நடுநிலைக்குக் கொணர்ந்து, பின்னர்ப் பின்னோக்கு நிலைக்கு மாற்றுவதே வழி. அத்தருணத்தில் கியர் விடுபட மறுத்தால், படகு துறைச் சுவரிலோ, நீரில் நிற்பவர் மீதோ மோத நேரிடும். ஆதலால் இக்கோளாற்றைச் சிறிய அசௌகரியமாகக் கருதி ஒதுக்கிவிடலாகாது.

‘ஸ்டெர்ன் டிரைவ்’ எனப்படும் பின்புற இயக்கியை உடைய படகுகளைப் பற்றியே இங்குக் கூறப்படுகிறது. இவற்றில் எஞ்சின் படகினுள்ளே, பின்பலகையை ஒட்டி அமைந்திருக்கும். பல்சக்கரங்களும் உந்துவிசிறியும் அடங்கிய இயக்கி பின்பலகைக்கு வெளியே நீரில் தொங்கும். வால்வோ பென்டா நிறுவனம் 1959-ஆம் ஆண்டு நியூயார்க் படகுக் கண்காட்சியில் ‘அக்வாமாட்டிக்’ என்னும் பெயருடன் இம்முறையை வெளியிட்டது. 1961-இல் அமெரிக்காவின் ‘மெர்க்குரூசர்’ தோன்றியது. மெர்க்குரூசரின் ‘ஆல்ஃபா’ வகையை உதாரணமாகக் கொண்டு கியர் மாறும் விதத்தை நோக்குவோம்.

இயக்கியின் அடிப்பகுதியில், செங்குத்தான தண்டின் முனையிலுள்ள சிறு பல்சக்கரம், எதிரெதிரே நிற்கும் இரு பல்சக்கரங்களை எதிர்த் திசைகளில் சுழற்றிக்கொண்டே இருக்கும். அவ்விரண்டிற்கும் இடையே, உந்துவிசிறியின் தண்டின்மீது, பற்களையுடைய கவ்வி ஒன்று நகரும். அது ஒரு சக்கரத்தைப் பற்றினால் படகு முன்செல்லும். மற்றதைப் பற்றினால் பின்செல்லும். இடையில் நின்றால் அதுவே நடுநிலை.

ஓட்டுநரின் கைப்பிடிக்கும் இக்கவ்விக்கும் நடுவே இரண்டு கம்பிவடங்கள் உள்ளன. முதலாவது, கைப்பிடியிலிருந்து எஞ்சின்மீதுள்ள இணைப்புத் தகடு வரையில் வருகிறது. இரண்டாவதான கீழ்க் கம்பிவடம், அங்கிருந்து பின்பலகையை ஊடுருவி இயக்கியைச் சேர்கிறது. எஞ்சினின் விசை தாக்கியிருக்கும்போது கவ்வியின் பற்கள் இறுகப் பற்றிக்கொள்ளுமாதலால், அவற்றை எளிதில் விடுவிக்க ஒரு சுவிட்ச் அமைக்கப்பட்டுள்ளது. கம்பிவடத்தில் எதிர்ப்பு மிகும்போது அது எரிபொறியை ஒரு கணம் துண்டிக்கும்; அக்கணத்தில் விசை தளர்ந்து பற்கள் விடுபடும்.

கியர் கடினமாதல், நடுநிலைக்கு வருகையில் எஞ்சின் நின்றுவிடுதல் ஆகிய குறைகளுக்குப் பெரும்பாலும் கீழ்க் கம்பிவடமே காரணமாகும். இயக்கி திரும்பும்போதும் உயரும்போதும் அது வளைகிறது. நாளடைவில் உறை வெடித்து, நீர் புகுந்து, உட்கம்பி துருவேறி இறுகுகிறது. அவ்விறுக்கமே சுவிட்சை நெடுநேரம் அழுத்தி வைப்பதால் எஞ்சின் அணைந்துபோகிறது. இதனைத் தவிர்க்கச் சிலர் சுவிட்சின் இணைப்பைக் கழற்றிவிடுவர். அது மிகவும் தவறு. எஞ்சின் நிற்காது, ஆனால் கியரும் விடுபடாது.

சோதனையைப் பின்வருமாறு செய்யலாம். முதலில் எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட வேண்டும். இணைப்புத் தகட்டில் இரு கம்பிவடங்களையும் கழற்றிக் கைப்பிடியை அசைத்துப் பார்க்கவும். அது கடினமாயிருப்பின் குறை முதல் வடத்திலோ, கைப்பிடிப் பெட்டியிலோ உள்ளது. எளிதாயிருப்பின் கீழ் வடத்தைக் கையால் தள்ளியும் இழுத்தும் பார்க்கவும். அப்போது மற்றொருவர் உந்துவிசிறியை மெல்லத் திருப்புதல் அவசியம். இல்லையேல் பற்கள் நேருக்கு நேர் முட்டி நிற்கக்கூடும். கீழ் வடம் இறுகியிருந்தால் எண்ணெயிட்டுப் பயனில்லை. புதியது மாற்ற வேண்டும். அதன் உறையும், அதனைச் சூழ்ந்த ரப்பர்த் துருத்தியும் கிழிந்திருந்தால், கட்டி நிற்கும் படகினுள்ளும் நீர் புகும் என்பதை நினைவிற் கொள்க.

இரு வடங்களும் எளிதாக இயங்கினால், எஞ்சினின் ஓய்வுநிலைச் சுற்றுக்களை அளந்தறிக. இவை பொதுவாக நிமிடத்திற்கு 600 முதல் 700 வரை இருக்கும். சரியான அளவைக் கையேட்டில் காணலாம். மிகுதியாயின் கியர் ஓசையுடன் விழும், விடுபடவும் மறுக்கும். விசை கொடுக்கும்போது கியர் படீரென்று நழுவுமாயின் கவ்வியின் பல்முனைகள் தேய்ந்துள்ளன எனலாம். அந்நிலையில் இயக்கியைப் பிரிப்பது இன்றியமையாதது. கைப்பிடியை மெதுவாகத் தள்ளும் பழக்கமே இத்தேய்வை விரைவுபடுத்துகிறது. ஓய்வுநிலை வேகத்தில், தயங்காது ஒரே அசைவில் மாற்றுவதே முறை.

வால்வோ பென்டாவின் பல வகைகளிலும், மெர்க்குரூசரின் ‘பிராவோ’ வகையிலும் இயக்கியின் மேற்பகுதியில் கூம்பு வடிவக் கவ்வி உள்ளது. அவற்றைச் செப்பனிடும் விதம் வேறாதலால் உரிய கையேட்டையே பின்பற்றுக.

பழுது நீக்கியபின், படகை முன்னும் பின்னும் உறுதியாகக் கட்டி, அருகில் நீரில் எவரும் இல்லை என்று கண்டுகொண்டு, மூன்று நிலைகளையும் பலமுறை மாற்றிப் பார்த்த பின்னரே துறையை விட்டுப் புறப்பட வேண்டும்.