ஈயச் சிப்பாய்க்கு எப்படிப் பயம் வருகிறது?

மேசைமேல் பச்சைத் துணியை விரித்து, அட்டை வீடுகளையும் சின்னஞ்சிறு மரங்களையும் வைத்து, எதிரெதிரே நின்று ஆடுகிற விளையாட்டு மினியேச்சர் போர். வண்ணம் தீட்டிய 28 மில்லிமீட்டர் பொம்மைகள்தாம் படை. நகர்த்த அளவு நாடா, சுடுவதற்குப் பகடை. புதிதாகப் பார்க்க வருபவர்கள் ஒரு கட்டத்தில் குழம்பிப்போவார்கள். பத்துப் பேர் கொண்ட பிரிவில் இரண்டு பேர்தான் விழுந்திருப்பார்கள். மற்ற எட்டுப் பேரும் முழுசாக நிற்பார்கள். ஆனால் "முன்னேறு" என்றால் நகர மாட்டார்கள். அவர்களை நிறுத்தி வைத்திருப்பது மன உறுதி விதி.

சதுரங்கக் காலாளுக்குப் பயம் கிடையாது. சாகும்வரை கட்டத்தில் நிற்பான். ஈயச் சிப்பாயும் அப்படித்தான். அவனை நகர்த்துகிற ஆட்டக்காரருக்கோ உயிர்ப்பயம் வர வழியே இல்லை. ஆகவே பயத்தை யாராவது விதியாக எழுதி மேசைக்குக் கொண்டுவந்தாக வேண்டும்.

எச். ஜி. வெல்ஸ் 1913இல் 'லிட்டில் வார்ஸ்' என்ற நூலில் இந்த விளையாட்டுக்கு விதிகள் எழுதினார். ஸ்பிரிங் பீரங்கியில் மரக்குச்சியைச் சுட்டுப் பொம்மைகளை வீழ்த்துகிற ஆட்டம் அது. தனித்துப்போன சிறு குழு சிறைப்படலாம். ஆனால் அஞ்சி ஓட அதில் இடமில்லை. பிரெஞ்சுக் கர்னல் அர்தான் து பிக் அதற்கு வெகுகாலம் முன்பே வேறு உண்மையைக் கண்டு எழுதியிருந்தார். 1870இல் நடந்த ஒரு போரில் காயம்பட்டு இறந்தவர் அவர். பழங்காலப் போர்களில் இரு படையும் நேருக்கு நேர் நின்றபோது செத்தவர்கள் குறைவு, ஒரு படை புறமுதுகு காட்டிய பிறகு துரத்தி வெட்டப்பட்டவர்களே அதிகம் என்பது அவர் முடிவு. அப்படியானால் ஒரு படை எப்போது உடையும் என்பதுதான் போரின் மையக் கேள்வி. விழுந்த பொம்மைகளை மட்டும் எண்ணுகிற விதி அந்தக் கேள்வியைத் தொடுவதே இல்லை.

இதை அழகாகக் கையாண்ட ஆட்டம், 2012இல் வெளிவந்த 'போல்ட் ஆக்‌ஷன்'. இரண்டாம் உலகப் போர்தான் களம். சாதாரணப் பயிற்சி பெற்ற பிரிவின் மன உறுதி எண் 9. எதிரியின் குண்டு பட்டால், ஆள் சாகாவிட்டாலும் பிரிவின் பக்கத்தில் ஒரு வில்லை வைக்கப்படும். வில்லை இருக்கும்போது கட்டளையிட்டால் இரண்டு பகடை உருட்ட வேண்டும். 9இலிருந்து வில்லைகளின் எண்ணிக்கையைக் கழித்து, அந்த எண்ணோ அதற்குக் குறைவோ விழுந்தால் கட்டளை நடக்கும். இல்லாவிட்டால் பிரிவு தரையோடு படுத்துக்கொள்ளும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு வில்லை என்றால் 8க்குள் விழ வேண்டும். 36 வாய்ப்புகளில் 26 சாதகம். மூன்று வில்லை என்றால் 15தான். ஐந்தானால் வெறும் 6. வில்லை கூடக் கூடக் கட்டளை நடக்கும் வாய்ப்பு சுருங்கிக்கொண்டே போகிறது. அருகில் அதிகாரி இருந்தால் எண் கூடும். அவர் நிற்கிற இடத்துக்கு அதனால்தான் அவ்வளவு மதிப்பு.

இங்கேதான் விதியின் நுட்பம் தெரிகிறது. ஓர் இயந்திரத் துப்பாக்கி எதிரியைத் தலைதூக்க விடாமல் அடிக்க, இன்னொரு பிரிவு பக்கவாட்டில் சுற்றிப் போய்த் தாக்குவது அந்தக் காலக் காலாட்படையின் அடிப்படைப் பாடம். அப்படி ஆடச் சொல்லி விதிப்புத்தகம் வற்புறுத்த வேண்டியதே இல்லை. வில்லைகளின் விளைவை நாலு முறை அனுபவித்த ஆட்டக்காரர் தானாகவே அந்த உத்திக்கு வந்துவிடுவார்.

எல்லா ஆட்டங்களும் இதைச் சரியாகச் செய்வதில்லை. 2017இல் வந்த 'வார்ஹாமர் 40,000' எட்டாம் பதிப்பில், ஒரு பகடை எண்ணோடு அந்தச் சுற்றில் விழுந்தவர்களைக் கூட்டுவார்கள். அந்தக் கூட்டுத்தொகை பிரிவின் தலைமைப் பண்பு எண்ணைத் தாண்டினால், தாண்டிய அளவுக்குப் பொம்மைகள் ஓடிவிட்டதாக எடுத்துவிடுவார்கள். வேகமான விதி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் பயம் இன்னும் சில உயிரிழப்புகளாக மட்டுமே தெரிகிறது. மிஞ்சியவர்கள் பழையபடி சண்டை போடுகிறார்கள். எனக்கு அது குறையாகவே படுகிறது.

இந்த விளையாட்டைத் தொடங்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விதிப்புத்தகம் கைக்கு வந்ததும் ஆயுதப் பட்டியலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மன உறுதிப் பகுதியை முதலில் படியுங்கள்.