உங்களுக்குத் தெரியுமா? – காருக்குப் பின்னால் வீடு!

கேரவன் என்றதும் ஷூட்டிங் ஸ்பாட்டில் ஹீரோவுக்காக ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும் வண்டிதானே ஞாபகத்துக்கு வருகிறது? அது இல்லை இது! காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற குட்டி வீடு. கட்டில், அடுப்பு எல்லாம் உள்ளேயே! ஆனால் ஹைவேயில் எந்த லேனில் போவது? அதை நீங்கள் முடிவு பண்ண முடியாது, சட்டம் முடிவு பண்ணும்!

கலிஃபோர்னியா ஃப்ரீவேயில் கார் மட்டும் என்றால் பொதுவாக மணிக்கு 65 மைல் வரை விரட்டலாம். கேம்பர் டிரெய்லரை, அதாவது இந்தக் குட்டி வீட்டை, மாட்டிய மறு நொடி 55 மைல்தான்! பெரிய லாரிக்கும் அதே 55! டிரெய்லர் எத்தனை குட்டி என்பதெல்லாம் கணக்கே இல்லை.

லேன் கணக்கு இதைவிட வேடிக்கை! அங்கே வலப்பக்கம்தான் ஓட்டவேண்டும். உங்கள் திசையில் மூன்று லேன் இருந்தால் டிரெய்லருக்கு வலது ஓர லேன் ஒன்றே ஒன்று. நடுவில் தடுப்பு உள்ள சாலையில் நான்கு லேன் இருந்தால்? ஓர லேனும் அதற்கு அடுத்ததும்! சாலையில் ஒரு லேன் கூடியது, உங்களுக்கு இரண்டு மடங்கு! மூன்று லேன் சாலையில் முந்தவேண்டும் என்றால் பக்கத்து லேனுக்குப் போய்விட்டுச் சமர்த்தாகத் திரும்பிவிட வேண்டும்.

காருக்குள் தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி என்று எட்டுப் பேர் இருந்தாலும் டிரெய்லர் இழுத்தால் அங்கே கார்பூல் லேன் (பலர் சேர்ந்து வரும் கார்களுக்கான லேன்) கிடையாது. பைக்கில் ஒண்டியாகப் போகிறவருக்கு உண்டு!

வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு திசைக்கு மூன்று லேன் வந்துவிட்டாலே இடக்கோடி லேன் டிரெய்லருக்கு மூடல். பிரிட்டனில் நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டுகிறார்கள் இல்லையா? அதனால் அங்கே மூன்று லேன் மோட்டார்வேயில் வலக்கோடி மூடல்!

ஜெர்மனி ஆட்டோபானில் வேக வரம்பே இல்லாத நீண்ட நீண்ட பகுதிகள் உண்டு. டிரெய்லர் இழுக்கிறவருக்கு? வெறும் 80 கிலோமீட்டர்! தனி ஸ்டிக்கர் வாங்கினால் 100. அதற்கு டிரெய்லர் டயரின் வயது ஆறைத் தாண்டக்கூடாது. டயருக்கு வயதா? பக்கச் சுவரில் குனிந்து பாருங்கள், முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் பிறந்த டயர்! உங்கள் வீட்டு வண்டியிலும் இருக்கிறது. இப்போதே போய்ப் பாருங்கள்!

அமெரிக்க இன்டர்ஸ்டேட் லேனின் அகலம் 12 அடி. டிரெய்லர் எட்டரை அடி வரை இருக்கலாம். நடுவில் நூல் பிடித்தமாதிரி ஓட்டினால் இருபக்கமும் மிஞ்சுவது ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட. சரியாக 21 அங்குலம்!

அந்த 21 அங்குலத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய லாரி வருகிறது என்று வையுங்கள். அது பின்னாலிருந்து நெருங்கும்போதே காற்று டிரெய்லரின் வாலைப் பிடித்து ஓரத்துக்குத் தள்ளும். தாண்டும்போது அதே காற்று லாரிப் பக்கமே உறிஞ்சி இழுக்கும்! டிரெய்லர் இடதும் வலதுமாக வாலாட்டத் தொடங்கும். கால் தானாக எங்கே போகும்? பிரேக்குக்கு! அங்கேதான் ஆபத்து! ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுக்கவேண்டும். டிரெய்லருக்கென்று தனி பிரேக் கன்ட்ரோல் இருந்தால் அதைக் கையால் அழுத்தவேண்டும், கார் பிரேக்கை அல்ல! கால் சும்மா இருக்க, கை பிரேக் போடுகிறது. எனக்கு இதுதான் இந்த வார ஆச்சரியம்!

பாதி வாலாட்டம் வீட்டு வாசலிலேயே ஆரம்பிக்கிறது! பின்பக்கம் பாரம் ஏற்றினால் போச்சு. டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கிமேல் அமுங்கவேண்டும் என்பது அமெரிக்கக் கணக்கு. 1,000 கிலோவுக்கு 100 கிலோவாவது!

அந்தக் கொக்கியின் உருண்டை ஐரோப்பாவில் எத்தனை பெரிசு தெரியுமா? 50 மில்லிமீட்டர்! ஒரு எலுமிச்சம்பழம். நாம் புது வண்டியின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். அவர்கள் அந்த சைஸ் உருண்டையை நம்பி வீட்டையே இழுத்துப் போகிறார்கள்!

ஆஸ்திரேலியாவில் பின்னால் வருவது 53.5 மீட்டர் நீள ரோடு டிரெயினாக, அதாவது பல டிரெய்லர்களைக் கோத்து இழுக்கும் லாரியாக, இருக்கலாம்! யார் முந்துவது, யார் ஒதுங்குவது என்று ரேடியோவில் பேசிக்கொள்கிறார்கள். லாரிக்காரர்களோடு பேச 40ஆம் சேனல், கேரவன்காரர்கள் தங்களுக்குள் பேச 18!

ஒருமுறை ஒரு கார் கேரவனை மாட்டிக்கொண்டு மணிக்கு 223 கிலோமீட்டருக்கு மேல் பறந்திருக்கிறது! 2003இல், தென்னாப்பிரிக்காவில். எந்த லேனில் என்கிறீர்களா? லேனே இல்லை. அது விமானப்படைத் தளம்!