சண்டையை அடக்கும் செல்கள்

1954-இல் பாஸ்டனில் ஜோசப் மரே செய்த சிறுநீரக மாற்று வென்றதற்குக் காரணம், கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கரு இரட்டையர் என்பதே. பெற்றவரின் உடலுக்கு அது அயல் உறுப்பாகத் தெரியவில்லை. மற்றவர்களுக்கு மருந்துதான் துணை. சைக்ளோஸ்போரினும் டாக்ரோலிமஸும் எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கின்றன. ஆனாலும் அவை உடலின் காவலையே தளர்த்துவதால் தொற்றும் புற்றுநோய் அபாயமும் கூடுகின்றன. காக்க வேண்டிய சிறுநீரகத்தையே நாளடைவில் அவை பழுதாக்கவும் கூடும். அயல் உறுப்பை உடல் ஏற்க, காவலைத் தளர்த்துவது ஒன்றே வழி என்று நான் நினைக்கவில்லை. சண்டையை அடக்கும் செல்கள் நம் இரத்தத்திலேயே இருக்கின்றன.

1995-இல் ஜப்பானிய ஆய்வாளர் ஷிமோன் சகாகுச்சி, உடலின் காவல் செல்களான டி செல்களில் சிடி25 புரதம் தாங்கியவற்றை மட்டும் விலக்கிவிட்டு, எஞ்சியவற்றை டி செல்களே இல்லாத எலிகளுக்குச் செலுத்தினார். அவை எலிகளின் சொந்த உறுப்புகளையே தாக்கின. விலக்கியவற்றையும் சேர்த்துக் கொடுத்தபோது தாக்குதல் நிகழவில்லை. 'ஒழுங்குபடுத்தும் டி செல்கள்' எனப்படும் இவற்றை உருவாக்கும் ஃபாக்ஸ்பி3 மரபணுவைக் கண்டறிந்த மேரி பிரங்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல் ஆகியோருடன் அவருக்கு 2025-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தச் செல்கள் இன்டர்லூக்கின்-2 என்ற வேதித் தூதை உறிஞ்சி, தாக்கும் செல்களைப் பட்டினி போடுகின்றன. அந்தத் தூதை இவை தாமாகச் சுரப்பதில்லை. அக்கம்பக்கத்துச் செல்கள் சுரப்பதைத்தான் நம்பியிருக்கின்றன. டாக்ரோலிமஸ் தடுப்பதோ அந்தச் சுரப்பைத்தான். ஆக, தாக்குபவரை அடக்கத் தரும் மருந்து, சமாதானம் செய்பவரின் சோற்றிலும் கை வைக்கிறது.

ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழக மருத்துவர்கள், கல்லீரல் மாற்று பெற்ற 10 பேருக்கு, அவரவர் செல்களையே கொடையாளியின் செல்களோடு வளர்த்து, அடக்கும் வகையைப் பெருக்கிச் செலுத்தினார்கள். 2016-இல் வெளியான முடிவின்படி 7 பேரால் மருந்தை முற்றிலும் நிறுத்த முடிந்தது. கல்லீரல் இயல்பிலேயே சாதுவான உறுப்பு, பத்துப் பேரை வைத்து எதைச் சொல்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மருந்தைக் குறைக்கையில் நிராகரிப்பு தலைகாட்டிய மற்ற 3 பேருக்கும் முன்பே தன்னெதிர்ப்புக் கல்லீரல் நோய் இருந்தது. இந்த வழி எல்லோருக்கும் பொருந்தாது. இன்னொரு ஐயம் கனமானது: இதே செல்கள் புற்றுக்கட்டிகளுக்கும் அரணாகின்றன. ஆனால் மருந்தும் அந்த அபாயத்தைக் கூட்டவே செய்கிறது. அதற்கு இடம் பார்த்து அடக்கவும் தெரியாது. செல்லுக்கு அதைக் கற்பிக்கலாம். கொடையாளியிடம் மட்டும் உள்ள எச்எல்ஏ-ஏ2 என்ற அடையாளத்தைப் பற்றும் ஏற்பியைப் பொருத்தி, புதிய சிறுநீரகத்தை நாடிச் செல்லும் செல்களை மனிதரிடம் சோதிக்கத் தொடங்கிவிட்டார்கள்.