பயிருக்கு வைட்டமின் டானிக் தேவையா?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் தொழிற்சாலைகளுக்கிடையே எஞ்சியுள்ள ஏரிப்பாசன நஞ்சைகளில் இன்றும் நெல் சாகுபடி நடக்கிறது. நட்ட மூன்றாம் வாரத்தில் பயிர் வெளிறி நின்றால், வைட்டமின் டானிக் வாங்கித் தெளிக்கலாமா என்று சிறு விவசாயிகள் யோசிப்பதுண்டு. அதனால் பயன் உண்டா?

மனிதனுக்கு வைட்டமின்கள் உணவிலிருந்து கிடைக்க வேண்டும். பயிர் அப்படியல்ல, தனக்கு வேண்டிய வைட்டமின்களைத் தானே தயாரித்துக் கொள்கிறது. 1937-ல் அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் பானர், செடியிலிருந்து வெட்டிப் பிரித்த பட்டாணி வேர் வளர வைட்டமின் பி1 தேவை என்று கண்டார். உடனே தோட்டக்காரர்கள் அதை வாங்கி ஊற்றத் தொடங்கினர். ஆனால் முழுச் செடியில் இலைகளே பி1 தயாரித்து வேருக்கு அனுப்புகின்றன. எனவே பிற்காலச் சோதனைகளில் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை.

பயிர் தானே தயாரிக்க முடியாதவை தழை, மணி, சாம்பல் சத்துக்களும், துத்தநாகம் போன்ற நுண்ணூட்டங்களும்தான். அடி இலைகள் ஒரே சீராக மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறைவு எனலாம். அடி இலைகளில் துருநிறப் புள்ளிகள் தோன்றி, இளம் இலையின் நடுநரம்பு அடியில் வெளுத்து, பயிர் குட்டையாகத் திட்டுத் திட்டாக நின்றால் துத்தநாகக் குறைவு.

இதைத் தவிர்க்க, நடவுக்குமுன் ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை 20 கிலோ மணலுடன் கலந்து சீராகத் தூவவும். சூப்பர் பாஸ்பேட், டி.ஏ.பி. உரங்களுடன் இதைக் கலக்கக் கூடாது. நட்ட பயிரில் குறை தெரிந்தால், 200 லிட்டர் நீரில் 1 கிலோ ஜிங்க் சல்பேட், 2 கிலோ யூரியா கரைத்துத் தெளிக்கலாம். 15 நாள் கழித்து மறுமுறை தெளிக்கவும்.

வைட்டமின் கலவைகள் 2021 முதல் உரக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ் 'உயிர்த் தூண்டிகள்' பிரிவில் வருகின்றன. இவை உரத்துக்கு மாற்று ஆகா. வாங்குவோர் பதிவு விவரம் பார்த்து, ரசீது கேட்டுப் பெறவும்.

அறுவடை முடிந்ததும் வயலில் 10, 15 இடங்களில் அரையடி ஆழம் வரை மண் எடுத்துக் கலந்து, அரைக்கிலோ அளவில் வேளாண்மை விரிவாக்க மையம் மூலம் பரிசோதனைக்கு அனுப்பலாம். எந்தச் சத்துக் குறைவு என்று தெரிந்தபின் செலவு செய்தால் பணம் வீணாகாது.