பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் பலாலி!

பட்டுக்கோட்டைக்குப் பக்கத்து விமான நிலையம் எது? திருச்சி. நேர்கோட்டில் சுமார் 77 கிலோமீட்டர். இது எல்லாருக்கும் தெரியும்.

அதற்கு அடுத்தது? மதுரை என்று அவசரப்படாதீர்கள்! மதுரை 150 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்துப் பலாலி வெறும் 108! பாஸ்போர்ட் கேட்கிற ஊர் கிட்டத்தில், கேட்காத ஊர் எட்டத்தில்! சென்னை? 300!

திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு 2025 மார்ச் 30 முதல் நேரடி விமானம் பறக்கிறது. தூரம் சுமார் 184 கிலோமீட்டர். நேரம் ஒரு மணி. அந்த விமானத்தைப் பிடிக்க ஒரத்தநாடு, தஞ்சாவூர், வல்லம், செங்கிப்பட்டி என்று பஸ்ஸில் போய்ச் சேருவதற்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல்!

கூத்து இனிமேல்தான். வரைபடத்தில் திருச்சிக்கும் பலாலிக்கும் நடுவே ஒரு நூல் பிடித்துப் பாருங்கள். பட்டுக்கோட்டைக்குப் பத்து கிலோமீட்டருக்குள் போகிறது! மேற்கே இரண்டு மணி நேரம் பயணம் போய், விமானம் ஏறி, திரும்பவும் நம்ம ஊர்ப் பக்கமாகவே பறக்கிறோம்!

துபாய் தூரமா, சிங்கப்பூர் தூரமா? டீக்கடையில் பந்தயம் கட்டுங்கள், நிச்சயம் ஜெயிப்பீர்கள். திருச்சியிலிருந்து துபாய் சுமார் 2,940 கிலோமீட்டர். சிங்கப்பூர் சுமார் 2,980. வித்தியாசம் 40! பட்டுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் போகிற தூரம்கூட இல்லை!

சிங்கப்பூர் மாப்பிள்ளை இரவு 8 மணிக்கு அங்கே ஏறினால், ஏறத்தாழ 9.45-க்குத் திருச்சியில் இறங்கிவிடுவார். ஒன்றே முக்கால் மணி நேரப் பயணமா? இல்லை, நாலே கால் மணி! மிச்ச இரண்டரை மணியை விழுங்கியது கடிகாரம். ஆனால் லீவு முடிந்து, கயிறு கட்டிய அட்டைப்பெட்டியோடு திரும்பிப் போகும்போது விழுங்கியதை அது கக்கிவிடும்!

அவருடைய தாத்தா போனது ரஜூலா கப்பலில். 1926-ல் கட்டியது. நாகப்பட்டினத்தில் ஏறினால் பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போக ஏறக்குறைய ஒரு வாரம். மேல்தளப் பயணிகள் மட்டும் 5,000 பேருக்கும் மேல் ஏற்ற அனுமதி இருந்த கப்பல் அது!

கப்பலை விட்டு மறுபடி விமானத்துக்கு வருவோம். 2024 அக்டோபர் 11. ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம் ஒன்று, ஹைட்ராலிக் கோளாறால் திருச்சி, புதுக்கோட்டை வானத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தது. பத்திரமாக இறங்கியது, கிளம்பிய அதே திருச்சியில்! பறந்த நேரம் இரண்டரை மணி. ஷார்ஜாவை நோக்கி நகர்ந்த தூரம் பூஜ்யம்!

தஞ்சாவூர் விமானப்படைத் தளத்துக்கு 2020 ஜனவரியில் சுகோய் போர் விமானம் வந்தது. அதன் உச்ச வேகம் மணிக்கு 2,100 கிலோமீட்டர். அந்த வேகத்தில் விரட்டினால் தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டைக்கு எவ்வளவு நேரம் தெரியுமா? 70 விநாடி! டிக்கெட்தான் தரமாட்டார்கள்!