காணாமல் போன கடல்நீர்

இன்று ஒரு துப்பறியும் கதை. இதில் திருடனும் இல்லை, போலீஸும் இல்லை. ஆனால் ஒரு பெரிய பொருள் காணாமல் போகிறது. நடந்ததெல்லாம் உண்மை.

உலகம் சூடாவதால் கடல் மட்டம் மெல்ல உயர்கிறது என்று படித்திருப்பீர்கள். 1993 முதல் செயற்கைக்கோள்கள் அந்த உயர்வை விடாமல் அளந்து வருகின்றன. ஆண்டுக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் உயர்ந்துகொண்டிருந்தது. உங்கள் ஸ்கேலை எடுத்துப் பாருங்கள், மூன்றே மூன்று சின்னக் கோடுகள்.

2010இல் ஒரு விந்தை நடந்தது. ஏறிக்கொண்டிருந்த கடல் இறங்கத் தொடங்கியது! 2011ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் சுமார் 5 மில்லிமீட்டர் குறைந்துவிட்டது.

"ப்பூ! அஞ்சு மில்லிமீட்டர்தானா?" என்றுதானே நினைக்கிறீர்கள்? பொறுங்கள். உலகக் கடல்களின் பரப்பு சுமார் 36 கோடி சதுர கிலோமீட்டர். அத்தனை பரப்பிலும் 5 மில்லிமீட்டர் குறைந்தால், போன நீர் சுமார் 1,800 கன கிலோமீட்டர்! நீளம், அகலம், உயரம் மூன்றுமே ஒரு கிலோமீட்டர் உள்ள ஒரு தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் பிடிக்கும் நீர்தான் ஒரு கன கிலோமீட்டர். அப்படி 1,800 தொட்டி நீர் எங்கே போயிருக்கும்?

கொஞ்சம் யோசியுங்கள். நான் காத்திருக்கிறேன்.

ஆவியாகி மேலே போயிருக்குமா? நல்ல யோசனை. ஆனால் காற்று அவ்வளவு கூடுதல் நீரை ரொம்ப நாள் வைத்திருக்காது. சில நாட்களிலேயே மழையாக இறக்கிவிடும். அப்படியானால், அந்த நீர் ஏதோ ஒரு நிலத்தில்தான் விழுந்திருக்க வேண்டும். எந்த நிலத்தில்?

இங்கேதான் நம் துப்பறிவாளர்கள் வருகிறார்கள். அவர்கள் பெயர் டாம், ஜெர்ரி! சிரிக்காதீர்கள், நிஜம்தான். 2002 மார்ச்சில் அமெரிக்காவும் ஜெர்மனியும் சேர்ந்து இரட்டைச் செயற்கைக்கோள்களை விண்ணுக்கு அனுப்பின. திட்டத்தின் பெயர் கிரேஸ். ஒன்று முன்னே ஓட, மற்றொன்று சுமார் 220 கிலோமீட்டர் பின்னால் துரத்திக்கொண்டே பூமியைச் சுற்றும். அதனால்தான் அந்தச் செல்லப்பெயர்.

இவை நீரைப் படம் பிடிக்கவில்லை. எடை போட்டன! அது எப்படி?

பொருள் எதுவானாலும் அதற்கு ஈர்ப்பு விசை உண்டு. நிறை கூடினால் இழுப்பும் கூடும். ஓரிடத்தில் நிறைய நீர் சேர்ந்தால், மேலே பறக்கும் செயற்கைக்கோளை அந்த இடம் ஒரு துளி கூடுதலாக இழுக்கும்.

இப்படி நினைத்துப் பாருங்கள்: இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராகச் சைக்கிளில் போகிறார்கள். இருவரும் பெடலை மிதிக்கவில்லை. சாலையில் ஒரு பள்ளம் வருகிறது. முன்னால் போகிறவர் பள்ளத்தில் இறங்கும்போது வேகம் கூடும். இருவருக்கும் நடுவே இடைவெளி அதிகமாகும். பிறகு அவர் மேடேறும்போது வேகம் குறையும். அதற்குள் பின்னால் வருகிறவர் பள்ளத்தில் இறங்கிவிடுவார். இடைவெளி சுருங்கும். இருவரும் பள்ளத்தைக் கடந்த பின் பழைய இடைவெளியே வந்துவிடும். சாலையைப் பார்க்காமல், அந்த இடைவெளியை மட்டும் அளந்தே பள்ளம் எங்கே, எவ்வளவு ஆழம் என்று சொல்லிவிடலாம் அல்லவா?

டாமும் ஜெர்ரியும் செய்தது இதேதான். நிறை மிகுந்த இடங்கள்தாம் அவற்றுக்குப் பள்ளங்கள். 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஏற்படும் மாற்றத்தை நுண்ணலைகளை அனுப்பி அளந்துகொண்டே பறந்தன. எவ்வளவு துல்லியமாகத் தெரியுமா? ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு வரைக்கும்!

இதுவரை புரிந்ததா? புரியாவிட்டால் சைக்கிள் கதையை இன்னொரு முறை படியுங்கள். அவசரமே இல்லை.

"மலையும்தானே இழுக்கும்? இழுப்பது நீர் என்று எப்படித் தெரியும்?" என்று யாராவது கேட்டீர்களா? கேட்டிருந்தால் உங்களுக்கு ஒரு சபாஷ்! விஞ்ஞானிகளும் இப்படித்தான் கேட்பார்கள். மலை இந்த மாதமும் அதே இடத்தில் இருக்கும், அடுத்த மாதமும் இருக்கும். அதன் இழுப்பு மாறாது. ஆகவே மாதம் ஒரு வரைபடம் தயாரித்து, ஒன்றோடொன்றை ஒப்பிடுவார்கள். ஒரே மாதத்தில் இழுப்பு மாறியிருந்தால், பெரும்பாலும் அங்கே நீர் வந்திருக்கிறது அல்லது போயிருக்கிறது.

சரி, நம் வழக்குக்கு வருவோம். 2010, 2011ஆம் ஆண்டுகளின் வரைபடங்களைப் பார்த்தபோது விடை கிடைத்தது. அந்தச் சமயத்தில் பசிபிக் கடலில் 'லா நினா' வலுவாக இருந்தது. கிழக்குப் பசிபிக்கின் மேற்பரப்பு வழக்கத்தைவிடக் குளிர்ந்துவிடுவதைத்தான் அப்படி அழைக்கிறார்கள். அப்போது உலகின் மழை இடம் மாறும். ஆஸ்திரேலியாவிலும் தென் அமெரிக்காவின் வடபகுதியிலும் மழை கொட்டித் தீர்த்திருந்தது. அங்கெல்லாம் நிலத்தின் எடை கூடியிருந்தது!

ஆனால் நிலத்தில் பெய்யும் மழை ஆறாக ஓடிக் கடலுக்குத் திரும்பிவிடுமே? அமேசான் காட்டில் பெய்தது அப்படித் திரும்பிவிடும். ஆஸ்திரேலியாவில்தான் சூட்சுமம் இருக்கிறது. அமெரிக்க விஞ்ஞானி ஜான் ஃபசுல்லோவும் அவருடைய குழுவினரும் 2013இல் இதை விளக்கினார்கள். அந்தக் கண்டத்தின் உள்நாட்டு ஆறுகள் பல கடலுக்குப் போவதே இல்லை. ஏர் ஏரியை நோக்கி ஓடுகின்றன. அந்த ஏரியின் அடி, கடல் மட்டத்தைவிடச் சுமார் 15 மீட்டர் தாழ்வு. அங்கே போன நீருக்கு வெளியே போக வழியில்லை. வெயிலில் ஆவியானால்தான் விடுதலை! காய்ந்த மண்ணும் ஏராளமாக நீரைக் குடித்துவிட்டது. அதனால்தான் கடல் கொடுத்த கடன் திரும்பி வரக் காலம் பிடித்தது. பிறகு கடல் மட்டம் மறுபடி உயரத் தொடங்கிவிட்டது.

டாமும் ஜெர்ரியும் கண்ணுக்குத் தெரியாத நீரையும் எடை போட்டன. ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா மாநிலங்களில் 2002 முதல் 2008 வரை சுமார் 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் குறைந்துவிட்டதாக 2009இல் ஓர் ஆய்வு வெளியானது. வயலுக்கு இறைத்த அளவுக்கு மழை திருப்பித் தரவில்லை. மண்ணுக்கு அடியில் இருக்கும் நீர் முழுவதையும் எட்டிப் பார்க்க யாராலும் முடியாது. ஆனால் அது குறைந்ததை விண்ணிலிருந்து கண்டுபிடிக்க முடிந்தது!

ஐந்து ஆண்டு உழைப்பதற்காக அனுப்பப்பட்ட அந்த ஜோடி, 15 ஆண்டுக்கு மேல் உழைத்து 2017இல் ஓய்வு பெற்றது. 2018 மே மாதம் அடுத்த ஜோடி கிளம்பிப் பணியைத் தொடர்ந்தது.

இவை எல்லாவற்றிலிருந்தும் தெரிவது ஒன்றுதான்: நீர் காணாமல் போவதில்லை, இடம்தான் மாறுகிறது. ஆஸ்திரேலியாவில் தங்கிய மழை கடலுக்குத் திரும்பியது. ஆனால் கிரீன்லாந்தின் பனிப்பாளம் உருகிக் கடலுக்கு வந்தால், அவ்வளவு சீக்கிரம் மறுபடி பனியாகித் தன் இடத்துக்குத் திரும்பாது. கிரேஸ் அளவீடுகளின்படி கிரீன்லாந்து ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 27,000 கோடி டன் பனியை இழந்து வருகிறது.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. ஒரு கன கிலோமீட்டர் நீரின் எடை 100 கோடி டன். 360 கன கிலோமீட்டர் நீர் சேர்ந்தால் உலகக் கடல் மட்டம் ஒரு மில்லிமீட்டர் உயரும். அப்படியானால், கிரீன்லாந்தின் பனியால் மட்டும் ஆண்டுக்கு எவ்வளவு உயரும்? நோட்டை எடுத்துப் போட்டுப் பாருங்கள். முக்கால் மில்லிமீட்டர் வந்தால் கணக்கு சரி. பிறகு, உங்களுக்கு அறுபது வயதாகும்போது அது எவ்வளவு சேர்ந்திருக்கும் என்றும் பெருக்கிப் பார்த்துவிடுங்கள்.