பழைய காருக்கு ஐந்தாவது கியர்

தட்டாஞ்சாவடியிலிருந்து கோரிமேட்டுக்கு மிதிவண்டியில் போனதுண்டா? ஜிப்மர் மருத்துவமனையை நெருங்க நெருங்கச் சாலை மெல்ல மேலேறுகிறது. எதிர்க்காற்றும் சேர்ந்துகொண்டால் இருக்கையிலிருந்து எழுந்து நின்றுதான் மிதிக்க வேண்டும். திரும்பி வரும்போது நிலைமை நேர்மாறு. எவ்வளவு வேகமாகக் கால்களைச் சுற்றினாலும் மிதியில் எதிர்ப்பே இருப்பதில்லை. ஏறும்போது காலின் விசை போதவில்லை. இறங்கும்போது காலின் வேகம் போதவில்லை.

மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்திப் பல்சக்கரங்களின் பற்களை எண்ணுங்கள். முன்னால் 44, பின்னால் 18 இருந்தால், மிதி ஒருமுறை சுற்றும்போது பின்சக்கரம் 44/18, அதாவது சுமார் 2.44 முறை சுற்றும். ஏற்றமோ இறக்கமோ, இந்த எண் மாறுவதில்லை. தொல்லைக்குக் காரணம் இதுதான்.

காரின் என்ஜினும் நம் காலைப் போன்றதே. மிக மெதுவாகச் சுற்றினால் திணறி நின்றுவிடும். மிக வேகமாகச் சுற்றினால் இரைச்சல், தேய்மானம், பெட்ரோல் செலவு. இடைப்பட்ட வேகத்தில்தான் அது நன்றாக உழைக்கும். எனவே என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே விகிதத்தை மாற்றித் தரும் ஒரு பெட்டி வேண்டும். அதுவே கியர் பெட்டி. அது திறனை உண்டாக்குவதில்லை; சுழல் வேகத்தைக் குறைத்துத் திருப்புவிசையைக் கூட்டும், அல்லது திருப்புவிசையைக் குறைத்து வேகத்தைக் கூட்டும். நெம்புகோலில் நீங்கள் படித்த அதே பேரம்தான்.

சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற சிறிய காரைத் தயாரித்தது. உங்கள் தாத்தாவைக் கேட்டுப் பாருங்கள். அதன் முன்மூடி சக்கர மறைப்புகளோடு சேர்ந்து அப்படியே முன்பக்கமாகத் திறப்பதைச் சொல்லுவார். இங்கிலாந்தில் இதன் பெயர் ட்ரையம்ஃப் ஹெரால்டு. இதன் அடிச்சட்டத்தைக் குறுக்கி, 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்ற இருவர் அமரும் விளையாட்டுக் காரை அங்கே செய்தார்கள். இரண்டுக்கும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 4 கியர் பெட்டி. பழைய கார்களைப் புதுப்பிப்போர் இன்றும் விரும்பித் தேடும் வண்டிகள் இவை. ஆனால் புதுப்பித்த காரை இன்றைய நெடுஞ்சாலையில் ஓட்டும்போது ஒரு சிக்கல் எழுகிறது.

ஸ்பிட்ஃபயரை எடுத்துக்கொள்வோம். டயரின் சுற்றளவு சுமார் 1.75 மீட்டர். மணிக்கு 100 கி.மீ. என்பது நிமிடத்துக்கு 1,667 மீட்டர். ஆகவே சக்கரம் நிமிடத்துக்கு 952 முறை சுற்ற வேண்டும். பின் அச்சிலுள்ள கிரவுன், பினியன் சக்கரங்களில் 37-ம் 9-ம் பற்கள், விகிதம் 4.11. நான்காவது கியரில் கியர் பெட்டி வேகத்தை மாற்றுவதில்லை. எனவே என்ஜின் நிமிடத்துக்கு 952 × 4.11, அதாவது சுமார் 3,900 முறை சுற்றுகிறது. புதுச்சேரியிலிருந்து சென்னை வரை இப்படி அலறிக்கொண்டே போக வேண்டும். சாலைகள் குறுகி, வண்டிகள் மெதுவாகப் போன காலத்தில் இது பெரிய குறையாகத் தெரியவில்லை. இன்று தெரிகிறது.

தீர்வு, என்ஜினைவிட வேகமாக வெளி அச்சைச் சுழற்றும் ஐந்தாவது கியர். நம் நாட்டிலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. 4 கியருடன் ஓடிவந்த அம்பாசிடர், 1990-களின் தொடக்கத்தில் இசுசு நிறுவனத்தின் 1.8 லிட்டர் என்ஜினையும் 5 கியர் பெட்டியையும் பெற்றது. பழைய உடம்பு, புதிய உள்ளுறுப்பு! பிரிட்டனிலோ, பழைய ட்ரையம்ஃப் கார்களுக்கு ஃபோர்டு சியரா காரின் 5 கியர் பெட்டியைப் பொருத்துவது வழக்கம். அதன் ஐந்தாவது கியர் விகிதம் 0.82.

அப்படி ஒரு பெட்டியை நாமே செய்வதாக வைத்துக்கொள்வோம். தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டை போன்ற இடங்களில் லேத்தும் மில்லிங் இயந்திரமும் ஓடுகின்றன. இரும்பை வெட்டுவது பிறகு. முதலில் காகிதத்தில் கணக்கு.

பெட்டிக்குள் மேலும் கீழுமாக இரண்டு அச்சுகள் இணையாக உள்ளன. மேல் அச்சு உண்மையில் இரண்டு துண்டு. முன் துண்டு என்ஜினிலிருந்து வருகிறது. பின் துண்டு சக்கரங்களுக்குப் போகிறது. கீழே இருப்பது துணை அச்சு. மெக்கானிக்குகள் 'லே ஷாஃப்ட்' என்பார்கள். சுழற்சி முன் துண்டிலிருந்து ஒரு ஜோடி பல்சக்கரம் வழியே கீழே இறங்கி, வேறொரு ஜோடி வழியே பின் துண்டுக்கு ஏறுகிறது. எந்த ஜோடி வழியே ஏறுகிறதோ அதுவே அப்போதைய கியர். நான்காவது கியரில் மட்டும் மேல் அச்சின் இரு துண்டுகளும் நேராகப் பூட்டிக்கொள்கின்றன.

இங்கேதான் சுவையான ஒரு கட்டுப்பாடு வருகிறது. இரு அச்சுகளுக்கும் இடையிலுள்ள தூரம் எல்லா ஜோடிக்கும் ஒன்றே. பல்லின் அளவும் ஒன்றே என்றால், ஒவ்வொரு ஜோடியிலும் உள்ள பற்களின் கூட்டுத்தொகை மாறக் கூடாது! சக்கரத்தின் விட்டத்தைப் பற்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பதை 'மாடுல்' என்பர். மாடுல் 2.5 மி.மீ., அச்சுகளிடையே தூரம் 75 மி.மீ. என்க. இரு விட்டங்களின் கூட்டுத்தொகை 150 மி.மீ. ஆக வேண்டும். 150-ஐ 2.5-ஆல் வகுத்தால் 60. எந்த ஜோடியானாலும் மொத்தம் 60 பற்கள். 59 என்றால் பற்கள் சரியாகக் கவ்வா. 61 என்றால் பெட்டிக்குள் நுழையாது. பற்களைச் சாய்வாக வெட்டினால் கணக்கு சற்று மாறும். நேர்ப் பற்களாகவே வைத்துக்கொள்வோம்.

இறங்கும் ஜோடிக்கு மேலே 25, கீழே 35 பற்கள். விகிதம் 35/25 = 1.4. இனி ஏறும் ஜோடிகள். முதல் கியருக்குக் கீழே 17, மேலே 43: 43/17 × 1.4 = 3.54. ஏன் 17-க்குக் கீழே போகவில்லை? வழக்கமான 20 பாகை அழுத்தக் கோணத்தில் அதற்கும் குறைவான பற்களை வெட்டினால், வெட்டுங்கருவி பல்லின் அடிப்பாகத்தையே அரித்து மெலிவாக்கிவிடும். இரண்டாவதற்கு 23-ம் 37-ம்: 2.25. மூன்றாவதற்கு 30-ம் 30-ம்: 1.4. நான்காவது நேரடி: 1. ஐந்தாவதில் கீழே பெரிய சக்கரம், மேலே சிறியது. 38-ம் 22-ம் வைத்தால் 22/38 × 1.4 = 0.81. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் என்ஜின் இப்போது நிமிடத்துக்கு சுமார் 3,170 முறைதான் சுற்றும். ஒவ்வொரு நிமிடமும் 700-க்கு மேற்பட்ட சுற்றுகள் மிச்சம்.

ஆனால் வண்டி இழுக்குமா? இதைப் பார்க்காமல் கியர் வெட்டக் கொடுப்பது வீண் செலவு. ஆட்களுடன் காரின் நிறை 950 கி.கி., அந்த வேகத்தில் என்ஜினின் திருப்புவிசை 80 நியூட்டன் மீட்டர் என்க. அதை 0.81-ஆலும் 4.11-ஆலும் பெருக்கி, டயரின் ஆரமான 0.28 மீட்டரால் வகுத்தால், சக்கரம் சாலையைத் தள்ளும் விசை சுமார் 950 நியூட்டன். சமதளத்தில் 100 கி.மீ. வேகத்தில் காற்றும் டயர் உருளுதலும் சேர்ந்து ஏறத்தாழ 440 நியூட்டன் தடுக்கும். தாராளமாகப் போகலாம். 20 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் ஏற்றத்தில் எடையின் இருபதில் ஒரு பங்கு, அதாவது 465 நியூட்டன் கூடுகிறது. மொத்தம் 905. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடும். 15 மீட்டருக்கு 1 மீட்டர் என்றால் 1,060 வேண்டும். ஐந்தாவது கியரால் முடியாது. நான்காவதற்கு மாற்றினால் 1,170 நியூட்டனுக்கு மேல் கிடைக்கும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. நான்காவது கியரில் திறன் துணை அச்சுக்குப் போவதில்லை. ஐந்தாவதில் இரண்டு ஜோடிப் பற்களைக் கடக்கிறது; ஒவ்வொன்றும் 1 அல்லது 2 சதவீதத்தை உராய்வில் விழுங்கும். மெதுவாகச் சுற்றும் என்ஜினுக்குள் மிச்சமாகும் உராய்வு பொதுவாக இதைவிட அதிகம் என்பதால்தான் ஐந்தாவது கியர் லாபம்.

செய்முறையில் எளிதில் புலப்படாத பகுதி எஃகு. பல்லின் மேற்பரப்பு தேயாத அளவுக்குக் கடினமாக இருக்க வேண்டும். முழுவதும் கடினமாக இருந்தாலோ கண்ணாடிபோல் உடைந்துவிடும். ஆகவே கார்பன் குறைந்த உலோகக் கலவை எஃகில் பற்களை வெட்டி, கார்பன் மிகுந்த சூழலில் சுமார் 900 பாகை செல்சியசில் பல மணி நேரம் வைப்பார்கள். கார்பன் மேற்தோலில் மட்டும் ஊறும். பின் எண்ணெயில் அமிழ்த்திக் குளிர்வித்தால் வெளியே கடினம், உள்ளே உறுதி. நல்ல மெதுவடையைப் போல என்று என் வகுப்பில் சொல்வதுண்டு. இதில் சக்கரம் இம்மியளவு கோணிப்போகும். மீண்டும் சாணை பிடித்துச் சரிசெய்யாவிட்டால் ஓடும்போது ஊளையிடும்.

ஐந்தாவது ஜோடியை வைக்க இடம்? பெரும்பாலும் பெட்டியின் பின்சுவருக்கு வெளியே, வால்பகுதியில். அச்சு நீளும், நீண்ட அச்சு வளையும். அதனால் அங்கே கூடுதல் பேரிங் தேவை. இரண்டு கியர்கள் ஒரே சமயத்தில் விழாதபடி ஒரு பூட்டும் வேண்டும். விழுந்தால் ஒரே அச்சு இரண்டு வேகங்களில் சுற்ற வேண்டிவரும், முடியாதல்லவா? பெட்டி அப்படியே இறுகிவிடும்.

உங்களுக்கு ஒரு கணக்கு. 38-ம் 22-ம் வேண்டாம், 39-ம் 21-ம் வைப்போம் என்கிறார் ஒருவர். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் என்ஜின் எத்தனை முறை சுற்றும்? திருப்புவிசை அதே 80 என்றால், 20-க்கு 1 ஏற்றத்தில் அந்தக் கார் ஐந்தாவது கியரிலேயே ஏறுமா?